போர் நடக்கும் இடத்திலிருந்து விலங்குக் காப்பகத்தை வெளியேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோதும், 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோதும், விலங்குக் காப்பகங்கள் என்ன ஆகும் என்று உலகம் முழுக்கப் பலர் தவித்தார்கள். உதவி செய்ய நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். பெரும்பாலும் நாய், பூனைக் காப்பகங்களைப் பற்றியே பேசுகிறோம். சிங்கம், கரடி போன்றவற்றுக்குத் தனிக் கேள்வி உண்டு.

முதலில் யாரை வெளியேற்ற வேண்டும், ஆட்களையா விலங்குகளையா?

ஆட்களை. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் "ஆட்கள் முதலில்" என்று வாயால் சொல்லிவிட்டு, அவர்களுடைய பயண ஆவணத் தாள்களைக் கடைசியாகப் பார்ப்பதுதான் நடைமுறையில் நடக்கிறது. விமானம், கூண்டு, நன்கொடை என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது, கூட்டிப் பெருக்கி, மருந்து போட்டு, சோறு வைத்த உள்ளூர்ப் பணியாளரின் விசா மேசையிலேயே கிடக்கும்.

காபூலில் நடந்ததைப் பாருங்கள். முன்னாள் பிரிட்டிஷ் மரைன் வீரர் பென் ஃபார்த்திங் நடத்திய நவ்சாத் காப்பகத்தின் ஆப்கன் பணியாளர்கள், அவர்களது குடும்பத்தார் என 60-க்கும் மேற்பட்டோர் வெளியேறக் காத்திருந்தார்கள். நன்கொடைப் பணத்தில் தனி விமானமும் ஏற்பாடாகியிருந்தது. விமான நிலைய வாசலில் தாலிபான் சோதனைச்சாவடி பணியாளர்களைத் திருப்பி அனுப்பியது. பயண ஆவண விதியை அமெரிக்கத் தரப்பு இரண்டு மணி நேரம் முன்புதான் மாற்றியது என்று ஃபார்த்திங் அப்போது சொன்னார். ஆகஸ்ட் 26 அன்று அதே விமான நிலையத்தின் அபே வாசலில் தற்கொலைக் குண்டு வெடித்து 13 அமெரிக்கப் படையினரும் ஏராளமான ஆப்கானியரும் மாண்டார்கள். 28ஆம் தேதி ஃபார்த்திங் நாய், பூனைகளோடு பறந்தார். பணியாளர்கள் பின்தங்கினார்கள். செப்டம்பரில் தரைவழியாகப் பாகிஸ்தானுக்குள் நுழைந்து, அங்கிருந்து பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

விலங்குக்கு விசா வேண்டாம், ஆளுக்கு வேண்டும். அதனால் விலங்கு கடக்கும் வாசலில் ஆள் நிற்க நேரிடும். இரண்டு வழிகளையும் தனித்தனியாக, தனித்தனிப் பொறுப்பாளர் வைத்து நடத்த வேண்டும். ஆளின் வழி அடைபட்டால் விலங்கின் வழி காத்திருக்கும் என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வையுங்கள். நெருக்கடி நேரத்தில் அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது.

விலங்குகளை ஏற்றினால் மனிதர்களின் இடம் பறிபோகாதா?

நியாயமான கேள்வி. விலங்குகள் சரக்கு அறையில் போகின்றன, மேலே இருக்கை காலியாகத்தானே இருக்கிறது என்று சிலர் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. காபூலில் தட்டுப்பாடு இருக்கைக்கு மட்டும் இல்லை, வாசலுக்கும் இருந்தது. கூட்டத்தைப் பிரித்து ஒரு வண்டியை உள்ளே விட எத்தனை படையினர், எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. செல்லப்பிராணிகளை மனிதர்களுக்கு முன்னே வைக்க முடியாது என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே எங்கள் அளவுகோல் இது: படையினரின் நேரத்தையும் மனிதர்கள் நிற்கும் வரிசையையும் தின்னாத வழியாக இருந்தால் மட்டும் விலங்குகளைக் கொண்டு செல்லுங்கள். சில மாதம் பொறுத்தாலும் வேறு வழி கிடைக்கலாம். காபூலில் இருந்த இன்னொரு காப்பகத்தின் நாய், பூனைகள் ஏறத்தாழ 300, 2022 பிப்ரவரியில் தனிச் சரக்கு விமானத்தில் கனடாவின் வான்கூவரை அடைந்தன.

பணியாளர்களுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

குடும்பம் முழுவதற்குமான ஒரே பட்டியல். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்க வேண்டும், எழுத்துப் பிசகக் கூடாது. தாரி, பஷ்தூ, உக்ரேனியப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். விசாக் கடிதத்தில் ஒரு வடிவம், பயணப் பட்டியலில் வேறொன்று என்றால் சாவடியில் அவர் வேறு ஆள் ஆகிவிடுவார். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அது காலாவதியாகும் நாள், திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, காப்பகத்தில் வேலை செய்ததற்கான தேதியிட்ட கடிதம், எல்லாவற்றையும் தாளில் இரண்டு பிரதியும் கைபேசியில் ஒன்றும் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டே இல்லாதவர் யார் என்பதைப் போர் வருமுன் பாருங்கள். வந்த பிறகு அலுவலகம் திறந்திருக்காது.

சம்பளத்தை முன்கூட்டிக் கொடுங்கள், குறைந்தது மூன்று மாதத்துக்கு, உள்ளூர்ப் பணமாகக் கையில். முதலில் முடங்குவது வங்கிதான்.

உக்ரைனில் இன்னொரு சிக்கல் இருந்தது. 2022இல் இராணுவச் சட்டம் வந்தவுடன் 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள், மூன்று பிள்ளைகளுக்குத் தந்தை போன்ற சில விலக்குகள் தவிர, நாட்டைவிட்டு வெளியேற முடியாது என்று ஆனது. நாய்களை ஓட்டிச் செல்லும் ஓட்டுநரும் கூண்டைத் தூக்கும் ஆளும் பெரும்பாலும் ஆண்கள். அதனால் பல பயணங்கள் இரண்டு கட்டமாகத்தான் நடந்தன: உக்ரேனிய ஓட்டுநர் மேற்கு உக்ரைனின் லிவிவ் நகர் வரையோ எல்லை வரையோ கொண்டுவருவார், அங்கிருந்து போலந்து வண்டி எடுத்துக்கொள்ளும். கைமாறும் இடத்தில்தான் நாய்கள் அதிகம் தப்பி ஓடுகின்றன. அதைக் கீழே சொல்கிறோம்.

எப்போது கிளம்பலாம்?

விலங்குகளை ஒரே நாளில் மொத்தமாக லாரியில் ஏற்றிக் கிளம்பும் காட்சி அரிது. நடுத்தர வேன் ஒன்றில் பெரிய நாய்ப் பெட்டிகள் 12 முதல் 15 வரைதான் காற்றோட்டத்தோடு நிற்கும். 150 நாய் என்றால் பத்து நடை. போர்முனை நெருங்கிய பிறகு பத்து நடை போக யாராலும் முடியாது.

அதனால் உண்மையான வேலை எண்ணிக்கையைக் குறைப்பது. பதற்றம் தொடங்கும்போதே புதிய விலங்கு எடுப்பதை நிறுத்துங்கள். வளர்ப்பு வீடுகளுக்குக் கொடுங்கள், போர்முனைக்குத் தொலைவான ஊர்க் காப்பகங்களுக்கு வாரம் ஒரு வண்டி அனுப்புங்கள். கர்ப்பமானவை, குட்டிகள், தினசரி மருந்து தேவைப்படுபவை முதலில் போகட்டும். டீசல் வரிசை நீள்வது, மருந்துக் கடை கடன் தர மறுப்பது, ஓட்டுநர் குடும்பத்தை ஊருக்கு அனுப்புவது, இந்த மூன்றும் ஒரே வாரத்தில் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

விலங்குகளுக்கு என்ன தாள்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய வழக்கமான வரிசை இது. முதலில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு). பிறகு 12 வாரம் நிறைந்த விலங்குக்கு வெறிநோய்த் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் சோதனை: ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும், அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. ஆக, ஊசி போட்ட நாளிலிருந்து நான்கு மாதம். உக்ரைன் இந்தச் சோதனை தேவைப்படும் நாடுகளில் ஒன்று.

அதிகம் நடக்கும் தவறு, ஊசி போட்ட பிறகு சிப் வைப்பது. எந்த விலங்குக்கு ஊசி போட்டார்கள் என்பதற்கு அப்போது ஆதாரம் இல்லை, ஊசி கணக்கில் வராது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஊசியையும் சிப்பையும் ஒரே நாளில் செய்தாலும் சிப் முதலில். அடுத்த தவறு, சிப் எண்ணைக் கையால் எழுதுவது. 0, 6, 8 மாறிப்போகும். சிப்போடு வரும் பட்டைக்கோட்டு (பார்கோடு) ஒட்டியையே ஒட்டுங்கள். ஏற்றுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு விலங்கையும் வாசிப்பான் வைத்துப் படித்து ஒத்துப் பாருங்கள். சிப் தோள்பட்டைப் பக்கம் நகர்ந்திருக்கலாம், ஆகவே கழுத்து மட்டுமல்லாமல் இரு தோளையும் மார்பையும் பாருங்கள்.

2022இல் ஐரோப்பிய ஆணையம் விதியைத் தளர்த்த உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அகதிகள் தங்கள் செல்லப்பிராணியோடு தாள் இல்லாமலே போலந்து, சுலோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியாவுக்குள் வர முடிந்தது. இந்தியாவும் உக்ரைனிலிருந்து மீட்கப்பட்டவர்களின் நாய், பூனைகளுக்கு ஒருமுறை விலக்கு தந்ததால்தான் மருத்துவ மாணவர்கள் சிலர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திறங்க முடிந்தது. ஆனால் இந்தச் சலுகையைக் காப்பகங்கள் தங்களுக்கும் உரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமையாளர் கூடவே வரும் ஐந்து விலங்கு வரைதான் செல்லப்பிராணிப் பயணம். தத்துக் கொடுக்கக் கொண்டுபோகும் நாய்கள் சட்டத்தின் கண்ணில் வணிகச் சரக்கு. 40 நாய்களை எட்டு ஓட்டுநர்களின் "சொந்த" நாய்களாகப் பிரித்து எழுதுவது பிடிபடும். பிடிபட்டால் அடுத்து வரும் நேர்மையான வண்டியும் எல்லையில் நிற்கும். பிரிட்டன் 2022 மே மாதத்தில் உக்ரைன், பெலாரஸ், போலந்து, ருமேனியா ஆகிய நாடுகளிலிருந்து வணிக முறையில் வரும் நாய், பூனைகளை, மீட்பு நாய்கள் உட்பட, தற்காலிகமாக நிறுத்தியதை நினைவில் வையுங்கள். வெறிநோய் விளையாட்டல்ல. கடிபட்ட நாயிடம் நோய் வெளிப்பட வாரங்களோ மாதங்களோ ஆகலாம், வெளிப்பட்டால் பிழைக்காது.

அமெரிக்காவும் 2021 ஜூலை 14 முதல் வெறிநோய் அதிகமுள்ள 113 நாடுகளிலிருந்து நாய் கொண்டுவருவதை நிறுத்தியிருந்தது. ஆப்கானிஸ்தான் அந்தப் பட்டியலில் இருந்தது. அடுத்த மாதமே காபூல் வீழ்ந்தது. போகும் நாடு எது என்பதைத் தாள்தான் தீர்மானிக்கிறது, விருப்பம் அல்ல.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

விமானத்துக்கு, சர்வதேச விமான நிறுவனக் கூட்டமைப்பான ஐயாட்டாவின் விதிதான். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை நீளம் எடுங்கள், அதோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோளகலத்தை இரட்டித்தால் அகலம். நிமிர்ந்து நிற்கையில் தலை அல்லது காது நுனி வரையும், விரிப்பின் தடிமனும் சேர்ந்தது உயரம். நாய் உள்ளே நின்று, திரும்பி, படுக்க முடிய வேண்டும். கம்பிக் கூண்டு விமானத்துக்கு ஆகாது. பிளாஸ்டிக் பெட்டியின் இரு பாதிகளையும் பிளாஸ்டிக் கொக்கியால் இணைத்தால் தூக்கும்போது பிளக்கும். உலோகத் திருகாணி போடுங்கள், நான்கு மூலையிலும் கேபிள் டை கட்டுங்கள், கதவுக்கும் இரண்டு. அதை வெட்ட ஒரு வெட்டுக்கருவி ஓட்டுநர் பையில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து நிரப்பும்படி மாட்டியிருக்க வேண்டும்.

பெட்டி பற்றாக்குறை வரும்போது இரண்டு நாயை ஒரே பெட்டியில் திணிக்கத் தோன்றும். தினமும் ஒரே தட்டில் சாப்பிடும் நாய்கள்கூட குண்டுச் சத்தத்தில் ஒன்றையொன்று குதறும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு மட்டும் இது பரவாயில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் எண், புகைப்படம், சிப் எண், குணம் ("கடிக்கும்", "பெண்கள் கையாளட்டும்"), மருந்து ஆகியவற்றை நெகிழித்தாளில் வைத்து ஒட்டுங்கள். அதே எண் கழுத்துப்பட்டையிலும் இருக்கட்டும். பெட்டியும் நாயும் பிரிந்துபோகும் வேளை வரும்.

சாலையில் எவ்வளவு உணவு, தண்ணீர்?

நாய்க்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50–60 மில்லி தண்ணீர். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் சொச்சம், 40 நாய்க்கு 50 லிட்டர், கழுவத் தனி. உலர்தீவனம் 20 கிலோ நாய்க்கு சுமார் 300 கிராம், 40 நாய்க்கு 12 கிலோ. எட்டு மணி நேரப் பயணத்துக்கு மூன்று நாள் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச்சில் போலந்து எல்லையில் மனிதர்களே நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

கிளம்ப நான்கைந்து மணி நேரம் முன்பு குறைவாகச் சாப்பாடு, தண்ணீர் கடைசி வரை. நிறைந்த வயிறு வாந்தி எடுக்கும், அந்த நாற்றத்தில் மற்றவையும் எடுக்கும். பூனைகள் நாய்களைப் பார்க்காதபடி முன்புறம், மேலே துணி மூடி. பெட்டிகளுக்கிடையே கையளவு இடைவெளி விடுங்கள். பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள், ஒரு திடீர் பிரேக்கில் 40 கிலோப் பெட்டி பறக்கும்.

இனி, உயிரைக் கொல்லும் தவறு. எல்லை வரிசையில் குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டு, காற்றுக்காகப் பின்கதவை ஒருக்களித்துத் திறந்து வைப்பார்கள். புகைபோக்கிப் புகை அந்த இடைவெளியில் உள்ளே இழுபடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. நாய்கள் அமைதியாகிவிட்டன, தூங்குகின்றன என்று ஓட்டுநர் நினைப்பார். பின்கதவை மூடி, முன்பக்கச் சன்னல் வழியாகக் காற்று விடுங்கள், மோனாக்சைடு எச்சரிப்பான் ஒன்றைச் சரக்குப் பகுதியில் மாட்டுங்கள்.

வண்டி மாற்றும்போது இரண்டு வண்டிகளின் பின்பக்கங்களையும் ஒட்ட நிறுத்தி, பக்கவாட்டைத் தார்ப்பாயால் அடைத்து, பெட்டியோடு மாற்றுங்கள். பெட்டியைத் திறக்கவே கூடாது. திறந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நாய்க்கு இரண்டு கயிறு: கழுத்தில் சுருக்குக்கயிறு, உடம்பில் மார்புப்பட்டை. தப்பிய நாயைத் துரத்திச் சாலையோர வயலில் இறங்காதீர்கள். கண்ணிவெடி இருக்கும்.

மயக்க மருந்து கொடுக்கலாமா?

விமானத்தில் கூடாது. இரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் விழும், தலை தொங்கி மூச்சுக்குழல் அடைபடும், பார்க்க யாரும் பக்கத்தில் இல்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இரட்டை ஆபத்து. சாலையில், பதற்றம் தணிக்கும் மருந்தை மருத்துவர் கூட வந்தால் மட்டும் கொடுக்கலாம். அதையும் ஒரு வாரம் முன்பே ஒரு முறை கொடுத்து எப்படி ஏற்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். கெட்டமைன் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அனுமதித் தாள் இல்லாமல் எல்லையில் பிடிபட்டால் ஓட்டுநர் சிறைக்குப் போவார்.

சாவடிகளில் எப்படி நடந்துகொள்வது?

பாதையை முந்தின இரவு உள்ளூர் நிர்வாகத்திடம் உறுதி செய்யுங்கள், ஊரடங்கு நேரத்துக்கு இரண்டு மணி முன்பே தங்குமிடம் சேருங்கள். சாவடியில் வேகம் குறைத்து, முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, கைகள் தெரிய உட்காருங்கள். சரக்குக் கதவைத் திறக்கச் சொன்னால் ஓட்டுநர் தானே போய்த் திறக்கட்டும், குரைப்புச் சத்தத்தில் துப்பாக்கி ஏந்திய இளைஞன் மிரளக் கூடாது. படம் எடுக்காதீர்கள், நேரலை இருப்பிடம் பகிராதீர்கள். வண்டியில் செஞ்சிலுவைச் சின்னம் ஒட்டாதீர்கள். அது ஜெனீவா ஒப்பந்தங்கள் காக்கும் சின்னம், விலங்கு வண்டிக்கு உரிமை இல்லை, தவறாகப் பயன்படுத்தினால் உண்மையான ஆம்புலன்ஸ்தான் நம்பிக்கை இழக்கும். பெரிய எழுத்தில் "விலங்குகள்" என்று உள்ளூர் மொழியில் எழுதினால் போதும்.

எழுத்து உங்களைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் கீவ் அருகே புச்சாவில், காப்பகத்துக்கு நாய்த் தீவனம் கொண்டுபோன மூன்று தன்னார்வலர்கள் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாதை உறுதியில்லை என்றால் வண்டி எடுக்க வேண்டாம்.

சிங்கம், கரடி இருந்தால்?

இரும்புப் பெட்டி, துப்பாக்கியால் மயக்க ஊசி போடத் தெரிந்த வனவிலங்கு மருத்துவர், பாரந்தூக்கி, வாங்கிக்கொள்ளும் இடத்தின் எழுத்துமூல ஒப்புதல், அழியும் ஆபத்திலுள்ள இனங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கான சைட்டிஸ் அனுமதி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நகர்த்த முடியாது. பெட்டியைப் பல வாரம் கூண்டுக்குள்ளேயே வைத்து, அதில் இரை வைத்துப் பழக்கினால் மயக்கமே தேவைப்படாது.

முடியாத காரியம் அல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் கீவ் அருகிலிருந்த ஒரு காப்பகத்தின் ஆறு சிங்கங்களும் ஆறு புலிகளும் போலந்தின் போஸ்னான் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சாலைவழியே போய்ச் சேர்ந்தன. 2017இல் சிரியாவின் அலெப்போ அருகே கைவிடப்பட்ட விலங்குப் பூங்காவிலிருந்து 13 விலங்குகளை ஃபோர் பாஸ் என்ற விலங்கு நல அமைப்பு துருக்கி வழியாக வெளியே எடுத்தது.

எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாவிட்டால்?

சில இடங்களில் தங்குவதுதான் சரியான முடிவு. கீவ் விலங்குக் காட்சிச்சாலை காலி செய்யவில்லை. பணியாளர்கள் குடும்பத்தோடு உள்ளேயே குடிவந்தார்கள், பதறும் யானைக்கு ஆள் துணை இருந்தது. தங்குவது என்றால் நிலத்தடி இடம், இரண்டு வாரத் தீவனம், ஜெனரேட்டர், கிணறு அல்லது பெரிய தொட்டி, முதலுதவிப் பெட்டி, ஆளுக்கொரு வெளியேறும் வழி. தங்குபவர் தாமாக முன்வந்தவராக இருக்க வேண்டும், சம்பளத்துக்குப் பயந்தவராக அல்ல. கார்கீவின் ஃபெல்ட்மன் சூழல்பூங்காவில் விலங்குகளுக்குத் தீனி வைக்கப் போனவர்கள் உயிரிழந்தார்கள்.

போயே ஆக வேண்டும், விலங்குகள் நிற்கின்றன என்றால் கதவுகளைத் திறந்துவிட்டுப் போங்கள். கீவ் அருகே போரோட்யான்காவில் நகராட்சிக் காப்பகம் ஒன்றில் 485 நாய்கள் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அடைபட்டுக் கிடந்தன. 222 நாய்கள் பசியிலும் தாகத்திலும் இறந்தன. பூட்டிய கூண்டு குண்டைவிடக் கொடியது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

திறப்பதிலும் முறை உண்டு. சண்டைக்கார நாய்களை வெவ்வேறு முற்றத்தில் விடுங்கள். தீவன மூட்டைகளை ஒரே இடத்தில் கொட்டாமல் பத்துப் பதினைந்து இடத்தில் கிழித்து வையுங்கள். குளியல்தொட்டி, டிரம், தார்ப்பாய் விரித்த குழி என்று தண்ணீர் நிற்கும் எதையும் நிரப்புங்கள். கம்பியில் சிக்கிக்கொள்ளும் தொங்கு பட்டைகளைக் கழற்றி, எண் எழுதிய தட்டையான கழுத்துப்பட்டை மட்டும் விடுங்கள். பட்டியலும் சாவியும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். நோயால் நடக்கவே முடியாதவற்றை மருத்துவர் வலியின்றி முடிப்பது கொடுமை அல்ல, விட்டுப்போவதுதான் கொடுமை.

பட்டினி கிடந்த நாய்களை மீட்டவுடன் என்ன கொடுப்பது?

வயிறு நிறைய அல்ல. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ் விழுந்து, இதயம் தடுமாறி, காப்பாற்றிய சில நாளிலேயே நாய் சாகக்கூடும். முதல் நாள், ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு நாளில் தேவைப்படும் உணவில் கால்பங்கை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், நான்கைந்து நாளில் மெல்ல முழு அளவுக்கு ஏற்றுங்கள். எளிதில் செரிக்கும், மாவுச்சத்து குறைந்த ஈரத்தீவனம் நல்லது. தண்ணீரும் சிறிது சிறிதாக.

எல்லை தாண்டிய பிறகு?

தாள் முழுமையாக இல்லாத விலங்கைத் தனிமையில் வைத்து, உள்ளூர்க் கால்நடைத் துறை சொல்லும் காலம் வரை வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவற்றை இரண்டு வாரமாவது பழைய விலங்குகளோடு சேர்க்காதீர்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் பயணத்தில் எளிதில் பரவும். உரிமை யாருடையது என்பதைக் கிளம்புமுன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: தற்காலிகப் பராமரிப்பா, முழு ஒப்படைப்பா? தொலைந்த நாயைத் தேடி உரிமையாளர் ஆறு மாதம் கழித்து வருவார், அதற்குள் அது ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் நாயாகியிருக்கும்.

தொலைவிலிருந்து நான் என்ன செய்யலாம்?

பெட்டியும் தீவனமும் தூரத்திலிருந்து அனுப்பினால் எல்லைக் கிடங்கில் தேங்கும். பணமாக அனுப்புங்கள், எல்லைப்புறத்தில் ஏற்கெனவே இயங்கும் மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ. போலந்தின் பிஷெமிஷல் நகரில் உள்ள ஆதா அறக்கட்டளை அப்படி ஒன்று. பணம் கேட்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வாங்கிக்கொள்ளும் காப்பகம் எது, விலங்குகளின் சிப் பட்டியல் உண்டா, பணியாளர்களின் சம்பளத்துக்கும் விசாவுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அது கிடைக்கும் வரை பணத்தை நிறுத்தி வையுங்கள்.